நூல் இருக்குமிடம் சொன்ன அடிகளார்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வாழும் நமக்கு ஊருணியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இவ்வானம் பார்த்த பூமியில் நல்ல நீர் இருக்குமிடம் கண்டவர் அதனைத் தமக்குள் வைத்துக்கொள்வதில்லை, ஊருக்குச் சொல்வர். தமிழாய்வுக்கு அத்தகைய பணி செய்தவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். உலகத் தமிழ் மாநாடுகளுக்கு வித்திட்டவராக அவரைத் தமிழுலகம் நன்கறியும். நூல் தேடி அலைந்த அடிகளாரை அறிந்தோர் சிலரே.

ஈழத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913 ஆகஸ்டு 2ஆம் நாள் பிறந்த அவர், உரோமையில் இறையியல் பயின்று 1938இல் குருவானார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தேர்ந்திருந்தும், தமிழிலக்கியத்தை முறையாகக் கற்கும் வாய்ப்பு அதுவரை அவருக்குக் கிட்டவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளிப் பணியேற்ற காலத்தில் அக்குறையை உணர்ந்து, தமிழாசிரியர்பால் மாணவராய் அமர்ந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, சங்கப் பாடல்களில் இயற்கை பெறுமிடத்தை ஆய்ந்தார்.

தமிழ் பற்றிய ஆய்வுகள் பல மொழிகளில், பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. ஒரு நாட்டார் எழுதியதை மற்றொரு நாட்டார் அறியார். இந்நிலையை மாற்ற 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கினார். ஐரோப்பிய நூலகங்களில் உள்ள தமிழ்ச் சுவடிகள் குறித்தும், தமிழின் முதல் அச்சுநூல்கள் குறித்தும் அதில் எழுதினார். 1554இல் லிசுபனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ் நூலைத் தமிழறிஞர் கவனத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

1954இல் வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்டது மொழியியலார்க்குப் பெரும்பேறாக வாய்த்தது. மதுரை மறைப்பணித் தளத்தைச் சேர்ந்த அந்தாவ் தெ புரோயென்சா தொகுத்து, அவர் மறைவுக்குப்பின் 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அது. தமிழ் கற்க வந்த அயலார்க்கென எழுந்த அந்நூல், பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ் வழக்குச் சொற்களை இன்று நமக்குக் காட்டுகிறது. அடிகளார் அதனைத் தம் ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்தி அமையவில்லை. 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிவரச் செய்தார். நூலகப் பேழையுள் இருந்தது பலர் கைக்கு வந்தது.

அப்போது அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் பேராசிரியர். 1964இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றவர், 1966இல் முதல் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். அதே ஆண்டில் தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டி நூற்பட்டியலையும் தொகுத்து வெளியிட்டார். மாநாட்டின் ஆரவாரம் சில நாளில் அடங்கும். பட்டியலோ, முகமறியா ஆய்வாளர்க்கு ஆண்டுக்கணக்கில் வழிகாட்டும்.

1980 செப்டம்பர் முதல் நாள் அடிகளார் மறைந்தார். நான்கு திங்களில், 1981 சனவரியில், நம் அண்டை நகராகிய மதுரையில் ஐந்தாம் மாநாடு கூடியது. அதனைக் காண அவர் இல்லை.

முனைவர் பட்ட ஆய்வின்போது, ஒரு பழைய இலக்கண நூலுக்காக மதுரைக்கும் சென்னைக்கும் பலமுறை பேருந்தேறினேன். ஆய்வேட்டை அளித்தபின் ஒருநாள், எங்கள் தெருவிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பரணில் அந்நூலைக் கண்டேன். அவர் மறைத்தாரில்லை, நான் கேட்டேனுமில்லை. இருப்பதைச் சொல்லும் பட்டியல் ஒன்று இல்லாமையே குறை.

இன்று நூல்கள் பல மின்வடிவில் கிடைக்கின்றன. ஆயினும் நம் வீட்டுப் பரண்களில் உள்ளவற்றை நாமன்றி யார் அறிவார்? பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில், வட்டத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள பழைய நூல்களின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதித் தருவோமாக. அடிகளாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.