கூலி கேட்காத ஆசிரியர்

நம்மில் பலர் பின்பற்றும் மத்ஹபின் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150-இல் காஸாவில் பிறந்தார்கள். தந்தை சிறுவயதிலேயே இறந்துவிட, தாயார் மகனை மக்காவுக்கு அழைத்து வந்தார்கள். ஓதக் கொடுக்கும் ஆசிரியருக்குக் கூலி கொடுக்க அந்தத் தாயிடம் வசதியில்லை. தாம் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வதையே ஆசிரியர் கூலியாக ஏற்றுக்கொண்டார். ஏழு வயதில் குர்ஆன் மனனமானது. தாள் வாங்க வழியின்றி எலும்புகளில் பாடம் எழுதிய அந்தச் சிறுவர்தான், மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பயின்று, பின்னாளில் 'அர்ரிஸாலா' எழுதினார்கள். ஹிஜ்ரி 204-இல் எகிப்தில் வஃபாத்தானார்கள்.

அன்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருந்தால்? பரீட்சைக் கட்டணம் கட்ட இயலாமல், கேட்கவும் கூச்சப்படும் தாய்மார்கள் நம் மஹல்லாவிலும் இருக்கலாம். கடைசித் தேதிக்கு முன்பே நாம் போய் விசாரிப்போம்.