ஸர் தாமஸ் மன்றோ துரை

திருவேங்கடமுடையானுக்குத் தளிகை சமர்ப்பிக்கும் பெரிய பாத்திரங்களுள் ஒன்றுக்கு மன்றோ கங்காளம் என்று பெயர். மன்னர்களும் ஆசார்யர்களும் கைங்கர்யம் செய்த திருமலையிலே, கடல் கடந்து வந்த ஓர் ஆங்கிலத் துரையின் பெயர் பெருமாள் அமுது செய்யும் பாத்திரத்தோடு சேர்ந்து வழங்கி வருவது யாத்ரீகர்கள் பலருக்கு வியப்பாக இருக்கும். அந்தத் துரையின் சரித்திரத்தை அறிந்தால் வியப்பு சற்றுக் குறையலாம். வேறு சில கேள்விகள் பிறக்கவும் கூடும்.

ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் தேதி தாமஸ் மன்றோ பிறந்தார். தகப்பனார் அலெக்ஸாண்டர் மன்றோ, அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு வாணிபம் செய்த வர்த்தகர். சிறு பிராயத்தில் கண்ட மணல்வாரி நோயால் மன்றோவுக்குச் செவிப்புலன் சற்று மந்தமாயிற்று. அக்குறை ஆயுள் முழுதும் நீங்கவில்லை. கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கல்வி பயின்றார். அமெரிக்கர் தொடுத்த சுதந்திர யுத்தத்தால் தகப்பனாரின் வியாபாரம் நொடித்துக் குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. பிழைப்புக்கு வழி தேடிய பிள்ளை, கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படையில் சாதாரணக் கேடட்டாகச் சேர்ந்து, 1780 ஜனவரியில் சென்னைக் கரையில் இறங்கினார். அப்போது வயது பதினெட்டு.

வந்த ஆண்டிலேயே ஹைதர் அலியின் குதிரைப்படை கர்நாடகத்துச் சமவெளியில் பாய்ந்தது. காஞ்சியை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படையின் ஒரு பகுதி நாசமான காலத்தில், பக்கத்தே நின்று பின்வாங்கிய மற்றொரு படையில் மன்றோ இருந்தார். பிறகு மைசூர் யுத்தங்களில் பல ஆண்டுகள் போர்க்களமே வாசம். ஆயினும் சிப்பாய்களோடும் குடிகளோடும் பேசிப் பழகி, ஹிந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றுக்கொண்டார். அவர் வாழ்வை மாற்றியது வாள் அன்று, இந்தப் பாஷாஞானமே.

1792-இல் திப்பு சுல்தான் செய்துகொண்ட உடன்படிக்கையால் சேலமும் பாராமஹாலும் கம்பெனியார் வசமாயின. அந்நாட்டுக்குத் தீர்வை வகுக்கப் பாஷை தெரிந்த ஆட்கள் சிவில் உத்தியோகஸ்தர்களில் அரிதாயிருந்தபடியால், காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் தலைமையில் ராணுவ அதிகாரிகளையே அனுப்பினார்கள். அவர்களில் ஒருவராக மன்றோ தர்மபுரிப் பக்கத்தில் ஏழு ஆண்டுகள் இருந்தார். கூடாரமே கச்சேரி. கர்ணத்தையும் நாட்டாண்மைக்காரரையும் அழைத்துவைத்து, கிராமம் கிராமமாக, வயல் வயலாக விசாரணை செய்வது நித்திய வேலை. தர்மபுரியில் ஒரு தோட்டமும் வைத்து வளர்த்தார். அதை விட்டுப் பிரிய நேர்ந்தபோது மிகவும் வருந்தினாராம்.

ரயத்துவாரி என்று பின்னாளில் பெயர் பெற்ற முறை இங்கேதான் உருவாயிற்று. சர்க்காருக்கும் உழுகிறவனுக்கும் நடுவில் ஜமீன்தாரோ குத்தகைதாரனோ நிற்காமல், ஒவ்வொரு குடியும் தன் நிலத்துக்குத் தானே பட்டாப் பெற்று, தானே தீர்வை செலுத்துவது இம்முறை. வங்காளத்தில் ஜமீன்தார்களை நிலைநிறுத்திய திட்டமே நாடெங்கும் வரவேண்டும் என்று மேலதிகாரிகள் எண்ணியிருந்த காலத்தில், மன்றோ இதை விடாமல் வாதாடினார்.

ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த 1799-இல் கன்னட ஜில்லாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே மனம் ஒட்டவில்லை. 1800-இல் ஹைதராபாத் நிஜாம் கம்பெனியாருக்கு விட்டுக்கொடுத்த பல்லாரி, அனந்தப்பூர், கடப்பை முதலிய சீமைக்குத் தலைமைக் கலெக்டராக வந்து, 1807 வரையில் ஆண்டார். இன்று ராயலசீமை எனப்படும் நாட்டின் பெரும்பகுதி அது. விஜயநகரம் அழிந்தபின் கேட்பாரற்று, எண்பது பாளையக்காரர்கள் ஆளுக்கொரு கோட்டை கட்டிக்கொண்டு கொள்ளையும் கலகமுமாக இருந்த பூமி. மன்றோ அவர்களை அடக்கினார், பலரைத் துரத்தினார். அதில் கடுமை அதிகம் என்று லண்டனில் இருந்த டைரக்டர்களே கண்டித்து எழுதினார்கள். குடிகளுக்கோ, விதைத்ததை அறுக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் கலெக்டராயிருந்த ஏழு ஆண்டில் அச்சீமையின் வருமானம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. அமைதியால் உழவு பெருகியது ஒரு காரணம். தீர்வையின் கனமும் ஒரு காரணம். மழை பொய்க்கும் அந்தக் கரிசல் காட்டில் அவ்வளவு தீர்வையைக் குடிகள் நெடுநாள் தாங்கமாட்டார்கள் என்பதை, விதித்தவரே முதலில் உணர்ந்தார். தாங்காத குடி ஊரை விட்டுப் போவான். குடி போனால் ஏரி மேடாகும், மான்யம் தரிசாகும், கோயிலில் திருவிளக்குக்கு எண்ணெயும் தளிகைக்கு அரிசியும் வரும் வழி அடைபடும். ஆகவே 1807-இல், தாம் வகுத்த தீர்வையில் நூற்றுக்கு இருபத்தைந்து குறைக்கவேண்டும் என்றும், கிணறு, ஏரிப் பாய்ச்சல் நிலங்களுக்கு இன்னும் கூடுதலாகக் குறைக்கவேண்டும் என்றும் சர்க்காருக்கு எழுதினார். பொக்கிஷத்தில் பணமில்லை என்று மேலிடம் மறுத்தது. அவர் விடுப்பில் தாய்நாடு சென்றதும், ரயத்துவாரியையும் நீக்கிக் கிராமங்களைக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைதாரர்களும் கெட்டார்கள், குடிகளும் கெட்டார்கள்.

இங்கிலாந்தில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் தங்கிய மன்றோ, 1813-இல் பார்லிமெண்டு சபையின் முன் இந்நாட்டைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். 1814-இல் ஜேன் காம்ப்பெல் என்னும் மாதரசியை மணந்து சென்னைக்குத் திரும்பினார். கிராம முன்சீபுகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் வழக்குத் தீர்க்கும் அதிகாரம் தந்த 1816-ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவர் முயற்சியால் பிறந்தவை. அடுத்து மராட்டிய யுத்தத்தில் சேனாபதியாக நின்று வென்று, 1820 ஜூனில் சென்னை மாகாணத்தின் கவர்னரானார்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குமுன் கலெக்டராகக் கேட்டு மறுக்கப்பட்ட அந்தத் தீர்வைக் குறைப்பு, அவர் கவர்னரான 1820-இல் அமலுக்கு வந்தது, ரயத்துவாரியும் திரும்பியது. கேட்டதை மறவாமல் வைத்திருந்து, கைக்கு அதிகாரம் வந்ததும் கொடுத்தார் என்பதே அவருடைய உத்தியோக வாழ்வின் சிகரம். அவர் ஆட்சியில், 1822-இல், மாகாணத்துப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்க உத்தரவாயிற்று. 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்ததாகத் தெரியவந்தது. நம் திண்ணைப் பள்ளிகளையும் வேத பாடசாலைகளையும் ஓர் அரசாங்கம் எண்ணிப் பார்த்ததே பெரிது. திருமலைக் கோயில் நிர்வாகம் கம்பெனியார் மேற்பார்வையில் இருந்த காலமும் அதுவே. 1821-இல் புரூஸ் துரை கோயில் நடைமுறைக்கு வகுத்த விதிகள் மன்றோவின் கவர்னர் காலத்தவை.

கங்காளத்தைப் பற்றிய செவிவழிச் செய்தி இது: மன்றோ தீராத வயிற்று நோயால் வருந்தியபோது, அன்பர் ஒருவர் திருவேங்கடமுடையானுடைய பொங்கல் பிரசாதத்தைக் கொடுத்தார். உண்டார், நோய் நீங்கிற்று. நன்றியாகத் தளிகைக்குக் கட்டளை ஏற்படுத்திக் கங்காளம் சமர்ப்பித்தார். அக்காலத்தில் அந்நிய மதத்தவர் மலையேறும் வழக்கமில்லை. ஆகையால் அவர் சேவித்த பெருமாள், பிரசாத ரூபமாகக் கீழே இறங்கிவந்த பெருமாளே.

மந்த்ராலயத்திலும் ஒரு செய்தி உண்டு. மடத்துக் கிராம மான்யத்தை விசாரிக்க வந்த மன்றோ, தொப்பியையும் பாதரக்ஷையையும் கழற்றிவிட்டு உள்ளே சென்றார் என்றும், 1671-இல் பிருந்தாவனப் பிரவேசம் செய்த ஸ்ரீ ராகவேந்திர ஸ்வாமிகள் அவருக்கு மட்டும் காட்சி தந்து பேசினார் என்றும், உடன் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றும் சொல்வர். காது மந்தமானவருக்குக் கேட்டது, காதுள்ளவர்களுக்குக் கேட்கவில்லை! மான்யம் மடத்துக்கே நிலைத்தது. இது நடந்தது 1812-இல் என்று சில பிரசுரங்களில் காண்பது பொருந்தாது. அவ்வாண்டில் அவர் இங்கிலாந்தில் இருந்தார். கலெக்டராயிருந்த ஆண்டுகளில் நடந்ததாகக் கொள்வதே தகும்.

1826-இல் நோயுற்ற இளைய மகனை அழைத்துக்கொண்டு மனைவியார் தாய்நாடு சென்றார். மன்றோவும் பதவியை விட்டுப் புறப்பட வேண்டியவரே. பர்மிய யுத்தமும், அடுத்த கவர்னர் வரத் தாமதமானதும் அவரை நிறுத்திவைத்தன. போவதற்குமுன் தம் பழைய சீமையை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று 1827 மே மாதக் கடைசியில் புறப்பட்டார். கடப்பை ஜில்லாவில் பாபக்னி நதி மலையைப் பிளந்து செல்லும் கண்டி என்னுமிடத்தில் ஸ்ரீ ஆஞ்சநேயர் ஸந்நிதி இருக்கிறது. இராமபிரானை வரவேற்க வாயுதேவன் அம்மலைக்கு மலை பொன் தோரணம் கட்டினான் என்பது ஸ்தல ஐதிஹ்யம். அந்தத் தோரணம் புண்ணியசாலிகளின் கண்ணுக்கு, அந்திம காலம் நெருங்கும்போது மட்டும் தோன்றுமாம். அவ்வழியே வந்த மன்றோ அண்ணாந்து பார்த்து, யார் இந்தத் தோரணம் கட்டியது என்று கேட்டார் என்றும், உடன் வந்தவர்கள் ஒன்றும் காணாமல் விழித்தார்கள் என்றும், முதியவர் ஒருவர் விஷயம் அறிந்து மௌனமானார் என்றும் அந்நாட்டார் சொல்வார்கள்.

பரிவாரம் கூத்தியை அடைந்தபோது காலரா பரவியிருந்தது. ஜூலை 6-ஆம் தேதி காலை பத்திகொண்டாவில் மன்றோவுக்கு நோய் கண்டது. அன்று இரவே உயிர் பிரிந்தது. வயது அறுபத்தாறு. மறுநாள் கூத்தியில் அடக்கம் செய்தார்கள். 1831-இல் அஸ்தியை எடுத்துவந்து சென்னைக் கோட்டையின் ஸெயிண்ட் மேரீஸ் ஆலயத்தில் வைத்தார்கள். குதிரைமேல் அமர்ந்த அவருடைய உருவச்சிலை, சான்ட்ரி என்ற சிற்பி செய்தது, 1839-இல் சென்னையில் நிறுவப்பட்டது. அவர் உயிர்விட்ட பத்திகொண்டாவில் சர்க்கார் வழிப்போக்கர்களுக்காக ஒரு கிணறு வெட்டி, அதைச் சுற்றித் தோப்பு வைத்தது. ராயலசீமைக் குடிகள் தம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டு அழைத்தார்கள்.