வீடுகளை இடிக்காமல் நகரைத் திருத்த நினைத்தவர்: பேட்ரிக் கெடிஸ்

1914 அக்டோபர் 28, விடியற்காலை. பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், அங்கு நின்றிருந்த ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. மகா கெட்டிக்காரனை எம்டன் என்று தமிழர்கள் சொல்வது இந்தக் கப்பலின் பெயரால்தான்.

பினாங்குக்கு வருவதற்குச் சில நாள்கள் முன்னர், இந்தியப் பெருங்கடலில் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்திருந்தது. உலக நகரங்களைப் பற்றிய வரைபடங்களும் படங்களும் நிறைந்த ஒரு கண்காட்சி அந்தக் கப்பலில் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பல ஆண்டு உழைப்பில் சேர்த்தவர் பேட்ரிக் கெடிஸ்.

கெடிஸ் 1854 அக்டோபர் 2-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் பாலட்டர் ஊரில் பிறந்தார். தந்தை ராணுவத்தில் பணியாற்றியவர். பெர்த் நகரில் வளர்ந்த கெடிஸ், தந்தையின் தோட்டத்தில்தான் செடிகளைக் கவனிக்கக் கற்றார். பின்னர் லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். 1879-ல் ஆய்வுக்காக மெக்சிகோ சென்றபோது கண்பார்வை பாதிக்கப்பட்டு, பல வாரங்கள் இருட்டறையில் கிடந்தார். பார்வை திரும்பியது. ஆனால் நுண்ணோக்கியில் நீண்ட நேரம் உழைக்கும் வலு அவர் கண்களுக்கு இல்லை. அவர் கவனம் மெல்ல மெல்ல மனிதர் வாழும் நகரங்களின் பக்கம் திரும்பியது.

1886-ல் அன்னா மோர்ட்டனை மணந்தார். இருவரும் வசதியானவர்களின் பகுதியை விட்டு, எடின்பரோவின் பழைய நகரில் ஏழைகள் நெருக்கமாக வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் குடியிருப்பில் குடியேறினர். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து முற்றத்தைக் கூட்டினர். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர். சன்னல்களில் பூச்செடி வைத்தனர். பிற்காலத்தில், அந்தப் பகுதியில் குப்பை கொட்டிக் கிடந்த சிறு சிறு காலி மனைகள் குழந்தைகள் விளையாடும் தோட்டங்களாயின. அந்தப் பணியில் மகள் நோராவும் முன்னின்றார். தோட்டமும் நிழலும் பணக்காரர்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை இந்தக் குடும்பம் செயலில் காட்டியது.

சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914-ல் கெடிஸ் இந்தியா வந்தார். கண்காட்சி கடலில் மூழ்கிய செய்தி கேட்டும் அவர் திரும்பிப் போகவில்லை. நண்பர்கள் அவசரமாகப் புதிய படங்களைச் சேர்த்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. அதன் பிறகு தஞ்சாவூர், மதுரை, திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட ஊர்களின் தெருக்களை அவர் நடந்தே பார்த்தார்.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நெரிசலைக் குறைக்க, குறுகிய சந்துகளை இடித்து நேரான சாலைகள் போட நகராட்சி திட்டமிட்டிருந்தது. கெடிஸ் அதை எதிர்த்தார். வீடிழந்தவர்கள் எங்கே போவார்கள்? வேறொரு பகுதியில் போய் நெருக்குவார்கள். அங்கே நெரிசல் இன்னும் கூடும். நோய் தீராது, இடம்தான் மாறும். நல்ல மருத்துவர் முழுக்கையையும் வெட்டாமல் கெட்ட பாகத்தை மட்டும் எடுப்பதுபோல, பாழடைந்த வீடுகளை மட்டும் அகற்றி, கிடைக்கும் சிறு இடங்களில் மரம் வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். இதற்குச் செலவும் மிகக் குறைவு. கொசுவுக்குப் பயந்து குளங்களைத் தூர்ப்பதையும் அவர் ஏற்கவில்லை. குளம் ஊரைக் குளிர்விக்கிறது. அதில் மீன் வளர்த்தால் கொசுப் புழுவை அது தின்றுவிடும் என்றார்.

இந்தூரில் பிளேக் நோய் பரவிய காலத்தில் அவர் செய்தது சுவையான வேலை. தீபாவளி ஊர்வலம் வழக்கமான வழியில் போகாது. எந்தத் தெரு மிகச் சுத்தமாக, வீடுகள் பழுது பார்க்கப்பட்டு, மரம் நடப்பட்டு இருக்கிறதோ அந்த வழியில்தான் போகும் என்று அறிவிக்கச் செய்தார். தெருவுக்குத் தெரு போட்டி மூண்டது. ஊர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் மரியாதையான இடம் கிடைத்தது. மக்களுக்குத் துளசிச் செடிகள் வழங்கப்பட்டன.

1917 அவருக்குக் கொடிய ஆண்டு. மூத்த மகன் அலஸ்டர் பிரான்சில் போரில் இறந்தார். சில வாரங்களில் மனைவி அன்னாவும் கல்கத்தாவில் நோயால் மறைந்தார். அந்தத் துயரத்திலும் வேலையை அவர் விடவில்லை. 1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். கொழும்பு நகருக்கும் திட்டம் எழுதினார். 1932 ஏப்ரல் 17-ஆம் தேதி பிரான்சின் மோன்பெலியே நகரில் காலமானார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. தாடிக்குள் முணுமுணுப்பதுபோல் பேசுவார், கேட்பவர்களுக்குப் புரியாது. தொடங்கிய பலவற்றை முடிக்கவில்லை. அவருடைய இந்திய அறிக்கைகளில் பெரும்பகுதி செயலுக்கு வராமலே போனது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி இன்னும் பழசாகவில்லை: நகரம் அழகாகும்போது அந்த அழகு யாருக்குக் கிடைக்கிறது, அதற்காக யார் வெளியேறுகிறார்கள்?

பாயான் லெப்பாஸில் 1972-ல் தடையற்ற வர்த்தக மண்டலம் அமைந்தது. வயலும் கம்பமுமாக இருந்த இடத்தில் தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. தாரும் சிமெண்டும் பகலில் வெப்பத்தை உறிஞ்சி இரவில் வெளிவிடும். மரமோ நிழல் தந்து, இலை வழியே நீராவியை விட்டுக் காற்றைக் குளிர்விக்கும். குளிர்சாதனக் காரில் போகிறவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் தொழிலாளிக்கும், நடந்து பள்ளிக்குப் போகும் மாணவனுக்கும் நன்றாகத் தெரியும்.

மாணவர்களே, திட்டம் போடுமுன் ஊரை நடந்து பார்க்க வேண்டும் என்பது கெடிஸ் கற்பித்த முதல் பாடம். ஒரு தாளும் பென்சிலும் போதும். உங்கள் வீட்டிலிருந்து பள்ளி அல்லது கல்லூரி வரையுள்ள வழியை வரையுங்கள். நண்பகலில் எங்கே நிழல் இருக்கிறது, எங்கே இல்லை என்று குறியுங்கள். நிழலில்லாத இடத்தில் யார் நடக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திடம் மரம் கேட்டு எழுதும் நாளில், அந்தத் தாளே உங்கள் சான்று.