கூந்தல் காத்த மாதரசி மேடம் வாக்கர்

வாரத்தில் ஒரு நாள் தலைக்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் இட்டு முழுகுவது நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்தே வந்த வழக்கம். ஆகவே எண்ணெய்க் கிண்ணத்தை நாம் ஒரு பெரிய பொருளாக எண்ணுவதில்லை. ஆனால் நல்ல எண்ணெயும், தலை முழுகப் போதுமான தண்ணீரும்கூட எளிதில் கிட்டாத பெண்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்க நாட்டில் வாழ்ந்த காலம் ஒன்று உண்டு. அவர்களுடைய தலைப்புண்ணை ஆற்ற முற்பட்ட சலவைக்காரப் பெண்மணி ஒருவர், நாளடைவில் அவர்கள் தலை நிமிர்ந்து நடக்கவும் வழி செய்தார். அவரே மேடம் சி. ஜே. வாக்கர் அம்மையார். அவரது வாழ்க்கை வரலாற்றை இங்கே காண்போம்.

அம்மையாரின் இயற்பெயர் சாரா பிரீட்லவ். 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், லூயிசியானா மாநிலத்தில் டெல்டா என்னும் சிற்றூரில், பருத்தித் தோட்டம் ஒன்றில் பிறந்தார். தந்தை ஓவன், தாய் மினர்வா. இருவரும் அதே தோட்டத்தில் அடிமைகளாய் உழைத்தவர்கள். உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின் பிறந்தமையால், அக்குடும்பத்தில் சுதந்திரப் பிரஜையாகப் பிறந்த முதற் குழந்தை சாராவே. ஆயினும் அந்தச் சுதந்திரம் வயிற்றுக்குச் சோறிடவில்லை. சிறுமி சாராவும் பருத்திக் காட்டில் கூலி வேலை செய்தாள். ஏழாம் வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்து அநாதையானாள். பின்னர் தமக்கையின் குடும்பத்தோடு மிஸிசிப்பி ஆற்றின் மறுகரையிலுள்ள விக்ஸ்பர்க் நகருக்குச் சென்றாள். அங்கே தமக்கையின் கணவர் செய்த கொடுமை பொறுக்க முடியாததாய் இருந்தது. அவ்வீட்டை விட்டு நீங்கும் வழியாகவே பதினான்காம் வயதில் மோசஸ் மெக்வில்லியம்ஸ் என்பவரை மணந்தாள். 1885-இல் லீலியா என்னும் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே ஆண்டுகளில் கணவர் இறந்தார். இருபது வயதில் கைம்பெண்; இடுப்பில் ஒரு குழந்தை; பள்ளிப் படிப்போ சில மாதங்களுக்கு மேல் இல்லை. இதுவே அன்று சாராவின் நிலை.

சாராவின் அண்ணன்மார் செயின்ட் லூயிஸ் நகரில் முடி திருத்தும் தொழில் செய்து வந்தனர். அவர்களை நம்பி அவர் அந்நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பிறர் வீட்டுத் துணிகளை வெளுக்கும் வேலையே கிடைத்தது. நாள் முழுவதும் தொட்டியின் முன் குனிந்து நின்றால் ஒன்றரை டாலர் கூலி. கையோ வெந்நீரிலும் காரச் சவுக்காரத்திலும் வெந்தது. ஆயினும் மகளைச் சலவைத் தொட்டியின் அருகே வரவிடுவதில்லை என்று தாய் உறுதி பூண்டார். அந்தச் சொற்ப வருவாயிலும் மிச்சம் பிடித்து மகளைப் பள்ளிக்கும், பிறகு டென்னஸி மாநிலத்திலுள்ள நாக்ஸ்வில் கல்லூரிக்கும் அனுப்பினார். நகரிலிருந்த செயின்ட் பால் ஆலயத்தைச் சேர்ந்த கறுப்பினப் பெண்மணிகள், புதிதாக வந்த ஏழைகளை ஆதரித்து வந்தனர். படித்தவர்களாகவும், தூய்மையாக உடுத்தித் தலை வாரியவர்களாகவும் விளங்கிய அப்பெண்களைப் பார்த்துத்தான், தம் வாழ்வும் மாறக்கூடும் என்ற நம்பிக்கை சாராவின் உள்ளத்தில் முளைத்தது.

இந்த நாட்களில்தான் அவருக்கு வேறொரு துன்பம் நேர்ந்தது. தலையில் பொடுகும் புண்ணும் மிகுந்து, முடி திட்டுத் திட்டாகக் கொட்டலாயிற்று. இது அவர் ஒருவருக்கு மட்டும் வந்த நோயன்று. அக்காலத்தில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கும் இருந்தது. வீட்டிற்குள் குழாய்த் தண்ணீர் இல்லை. குளிர்காலத்தில் தண்ணீர் சுமந்து வந்து காய்ச்சித் தலை முழுகுவது பெரும்பாடு. ஆகவே மாதத்தில் ஒரு முறை தலை முழுகுவதும் அரிது. முழுகும்போது இட்டதோ துணிக்கு இடும் காரச் சவுக்காரம். உணவிலும் ஊட்டம் குறைவு. மேலும், நெருக்கமாகச் சுருண்ட முடியில், தலைத்தோலில் ஊறும் இயற்கை எண்ணெய் நுனி வரை எளிதில் இறங்குவதில்லை. அதனால் முடி வறண்டு ஒடிந்தது. தலையைத் துணியால் மறைத்துக் கட்டிக்கொண்டு வெளியே போவதே அவர்களுக்கு வழக்கமாயிற்று. நிறத்தைக் காட்டி இகழும் சமுதாயத்தில், உதிர்ந்த முடியும் ஓர் இழிவாகச் சேர்ந்துகொண்டது.

சாரா பல மருந்துகளைத் தடவிப் பார்த்தார். அதே நகரில் ஆனி டர்ன்போ என்னும் மற்றொரு கறுப்பினப் பெண்மணி கூந்தல் தைலங்கள் செய்து விற்று வந்தார். பிற்காலத்தில் ஆனி மலோன் என்று புகழ் பெற்றவர் இவரே. சாரா அவரிடம் விற்பனையாளராகச் சேர்ந்து அத்தொழிலைப் பயின்றார். 1905-இல் மேற்கேயுள்ள டென்வர் நகருக்குச் சென்று, தாமே ஒரு தைலத்தைத் தயாரிக்க முனைந்தார். 1906 ஜனவரியில் சார்லஸ் ஜோசப் வாக்கர் என்பவரை மணந்தார். அந்நாளில் வெள்ளையர் பலர், வயதில் மூத்த கறுப்பினப் பெண்ணையும் வெறும் பெயர் சொல்லியே அழைப்பர். மேடம் என்னும் மரியாதைச் சொல்லைத் தம் பெயரின் முன்னே பொறித்துக்கொண்டதால், அவரிடம் பொருள் வாங்கிய எவரும் அவரை மதிப்போடுதான் அழைக்க வேண்டியிருந்தது.

அந்தத் தைலத்தில் அப்படி என்னதான் இருந்தது? தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, வாஸ்லினைப் போன்ற பெட்ரோலியக் களிம்பு, கந்தகம், சிறிது மயில்துத்தம், நறுமணத்திற்கு வயலட் மலரின் சாரம். இம்மருந்து முறை தமக்குக் கனவில் அருளப்பட்டது என அம்மையார் கூறி வந்தார். ஆனால் கந்தகக் களிம்பு அதற்கு முன்பே தோல் நோய்களுக்குப் பயன்பட்டு வந்ததே. தம்முடைய முறையைத்தான் அம்மையார் பின்பற்றினார் என்று ஆனி மலோன் குறைகூறியதும் உண்டு. தலைமுடியை நீட்டும் சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர் அம்மையாரே என இன்றும் சிலர் எழுதுகின்றனர். அது தவறு, அத்தகைய சீப்பு அவருக்கு முன்பே ஐரோப்பாவில் இருந்தது.

எண்ணெயைப் பற்றி இங்கே நாமும் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வது நலம். முடி வளர்வது தோலுக்கு அடியிலுள்ள வேர்ப்பையில். அங்கிருந்து அது மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் முடி உயிரற்றது. ஆகவே மேலே பூசும் எண்ணெய் முடியை உரமிட்டு வளர்ப்பதில்லை. வளர்ந்த முடி ஒடியாமல் காப்பதே எண்ணெயின் வேலை. இவ்வகையில் தேங்காய் எண்ணெய்க்குத் தனிச் சிறப்பு உண்டு. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவிச் செல்லவல்லது. தலை முழுகும்போது முடியிலிருந்து புரதம் கழிந்து போவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு குறைப்பதில்லை என்றும் இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்டனர். ஆனால் பொடுகு மிகுந்த தலையில் எண்ணெயை நாட்கணக்கில் ஊறவிட்டால், பொடுகுக்குக் காரணமான நுண்ணுயிர் மேலும் பெருகும். அழுக்கு நீங்கக் கழுவுவதே முதல் மருத்துவம். வாக்கர் அம்மையார் தம் தைலத்தோடு தலை கழுவும் சவுக்காரத்தையும் சேர்த்தே விற்றார். அடிக்கடி தலை முழுகுமாறு ஊர்தோறும் கற்பித்தார். அக்கந்தகம் பொடுகை அடக்கிற்று. தூய்மை புண்ணை ஆற்றிற்று. எண்ணெயும் மெழுகும் முடியைக் காத்தன. பல பெண்களுக்கு முடி மீண்டும் வளர்ந்ததன் இரகசியம் இதுவே.

அம்மையார் வீடு வீடாகச் சென்றார். ஆலயக் கூடங்களில் பெண்களைக் கூட்டிச் செய்து காட்டினார். 1908-இல் பிட்ஸ்பர்க் நகரில் மகளின் பெயரால் லீலியா கல்லூரியை நிறுவிக் கூந்தல் பராமரிப்பைக் கற்பித்தார். 1910-இல் இண்டியானாபொலிஸ் நகரில் குடியேறித் தொழிற்சாலை அமைத்தார். சமையலறையும் சலவைத் தொட்டியும் தவிர வேறு பிழைப்பு அறியாதிருந்த ஆயிரக்கணக்கான பெண்கள் அவரிடம் பயிற்சி பெற்றுத் தம் காலில் நின்றனர். சொந்த வீடு வாங்கியவர்களும், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் அவர்களுள் உண்டு. வணிகம் வளர வளர இல்லறத்தில் பிணக்கு மூண்டது. 1912-இல் கணவரும் பிரிந்தார். அம்மையார் மனம் தளர்ந்து தொழிலைக் கைவிடவில்லை.

அதே ஆண்டில் தேசிய நீக்ரோ வணிகர் சங்கத்தின் மாநாடு சிகாகோவில் கூடிற்று. தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் பெருமகனார் கல்விப்பணியால் உலகப் புகழ் பெற்றவர். ஆனால் கூந்தல் தைல வணிகத்தை அவர் ஒரு பொருட்டாகக் கருதவில்லை. அம்மையாருக்குப் பேச வாய்ப்பு அளிக்கப்படவில்லை. இறுதி நாளன்று அம்மையார் தாமாகவே எழுந்து நின்றார். பருத்திக் காட்டிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து சொந்தத் தொழிற்சாலைக்கும் தாம் வந்த வழியைக் கணீரென எடுத்துரைத்தார். மறு ஆண்டு மாநாட்டில் அதே தலைவர் அம்மையாரை அழைத்துப் பேசச் செய்தார்.

வெள்ளையரைப் போல் முடியை நீட்டிக்கொள்ளத் தம் இனப் பெண்களைத் தூண்டுகிறார் என்று அம்மையாரைப் பழித்தவர்களும் இருந்தனர். முடியை நீட்டுவது தம் நோக்கமன்று, தலைத்தோலின் நலமே தம் நோக்கம் என அவர் மறுத்து வந்தார். ஆயினும் அவருடைய முறையில் சூட்டுச் சீப்பும் இடம் பெற்றிருந்தது. ஆகவே அந்த வாதம் அவரோடு முடியவில்லை. பெண் தன் கூந்தலைப் பிறர் கண்ணுக்காகப் பேணுகிறாளா, தன் நலத்திற்காகப் பேணுகிறாளா என்னும் கேள்வி இன்று நமக்கும் உரியதே.

ஈட்டிய செல்வத்தை அம்மையார் தமக்கென்று பூட்டி வைக்கவில்லை. 1911-இல் இண்டியானாபொலிஸில் கறுப்பின இளைஞருக்கான ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்திற்கு ஆயிரம் டாலர் வழங்க முன்வந்தார். டஸ்கேகி கல்விக்கூடத்து மாணவர்களுக்கு உதவித்தொகை அளித்தார். மேரி மக்லியோட் பெத்யூன் அம்மையார் பிளாரிடாவில் நடத்திய பெண்கள் பள்ளிக்கும் உதவினார். 1917-இல் பிலடெல்பியாவில் தம் விற்பனைப் பெண்களின் மாநாட்டைக் கூட்டினார். இருநூறுக்கும் மேற்பட்டோர் வந்தனர். அதிகமாக விற்றவருக்குப் பரிசு கிடைத்தது போலவே, அறப்பணிக்கு அதிகம் கொடுத்தவருக்கும் பரிசு கிடைத்தது.

அந்த ஆண்டு கோடையில் கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரில் கறுப்பின மக்கள் பலர் வெறிக்கும்பலால் கொல்லப்பட்டனர். கும்பற்கொலையைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று மனுக்கொடுக்க ஹார்லெம் பகுதித் தலைவர்களோடு அம்மையாரும் வெள்ளை மாளிகைக்குச் சென்றார். குடியரசுத் தலைவர் வில்சன் அவர்களைச் சந்திக்கவில்லை. அம்மையார் அதனால் ஓய்ந்துவிடவில்லை. மரணத் தறுவாயிலும் அக்கொடுமையை எதிர்க்கும் நிதிக்கு ஐயாயிரம் டாலர் வழங்கினார்.

1918-இல் ஹட்சன் நதியோரம் இர்விங்டனில் ஒரு மாளிகை எழுப்பினார். அதை வரைந்தவர் வெர்ட்னர் டாண்டி என்னும் கறுப்பினக் கட்டடக்கலைஞர். அங்கே நெடுநாள் வாழ அம்மையாருக்குக் கொடுத்து வைக்கவில்லை. இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் அவரை வாட்டின. ஓய்வு கொள்ளும்படி மருத்துவர் கூறியும் பயணத்தையும் பணியையும் அவர் குறைத்தாரில்லை. 1919-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள், 51-ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். கோடீசுவரி எனப் பத்திரிகைகள் எழுதியபோதிலும், அவர் விட்டுச் சென்ற சொத்து ஏறக்குறைய 6 இலட்சம் டாலர் என மதிப்பிடப்பட்டுள்ளது. நிறுவனத்தின் வருங்கால நிகர இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு அறப்பணிக்கே செல்ல வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். 1998-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவருடைய உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

மாணவச் செல்வங்களே, நீண்ட கூந்தல் சிலருக்கு இயல்பாகவே வாய்க்கும், சிலருக்கு வாய்க்காது. எந்தத் தைலமும் அதை மாற்றிவிடாது. அதை எண்ணி எவரும் வருந்த வேண்டியதுமில்லை. தலையைத் தூய்மையாக வைத்து, நல்ல உணவு உண்டு, அளவாக எண்ணெய் இட்டு வந்தால் போதும். வாக்கர் அம்மையாரிடம் நாம் கற்க வேண்டியது இதற்கும் மேலான ஒன்று. தம் தலையில் புண் வந்தபோது, தம்மைப் போல் துன்புறும் பெண்கள் எத்தனை பேர் என்று அவர் நினைத்துப் பார்த்தார். தமக்குக் கிடைத்த மருந்தை அவர்களிடம் கொண்டு சென்றார். அதையே அவர்களுக்குத் தொழிலாகவும் கற்றுக்கொடுத்தார். நம் வகுப்பிலும் அண்டை வீட்டிலும் ஏதேனும் ஒரு குறையினால் தலையைக் குனிந்து நடக்கும் தோழி ஒருத்தி இருக்கக்கூடும். அவளை இகழாமல் அருகே அமர்த்திக்கொள்வோம். நமக்குத் தெரிந்ததை அவளுக்கும் கற்றுக்கொடுப்போம். அம்மையாருக்கு நாம் செலுத்தக்கூடிய சிறந்த அஞ்சலி அதுவே.