ஆயுதங்களுக்கு ஆண்டு குறித்த அறிஞர் சர் சாமுவேல் மெரிக்

பொருட்காட்சிகளில் பலூன்களை வரிசையாகக் கட்டிவைத்துக் காசு வாங்கிக்கொண்டு சுடச் சொல்வார்களே, அந்தக் காற்றுத் துப்பாக்கியை நம்மில் அறியாதார் இலர். அதில் வெடிமருந்து இல்லை. சுருள்வில் விடுபட்டு உந்துதண்டைத் தள்ள, தண்டு காற்றை நெருக்க, நெருக்குண்ட காற்று குண்டை வெளியே எறிகிறது. இவ்வகைத் துப்பாக்கிகளுள் புகழ்பெற்ற ஒன்று இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தது. லிங்கன் ஜெஃப்ரீஸ் என்ற துப்பாக்கித் தொழில் வல்லுநர் 1904-இல் காப்புரிமை பெற்ற அமைப்பை 1905 முதல் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனி செய்து விற்றது. பி.எஸ்.ஏ. என்றதும் நமக்கு அம்பத்தூர் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அம்மூன்று எழுத்துகளின் மூலம் துப்பாக்கியே!

அந்தப் பழந்துப்பாக்கிகளைத் தேடிச் சேர்த்துப் பழுது நீக்கி வைப்போர் இங்கிலாந்தில் பலர். அவர்களுள் தேர்ந்தவர்கள் துப்பாக்கி கைக்கு வந்தவுடன் எண்ணெயையும் உப்புத்தாளையும் தேடுவதில்லை. முதலில் அதில் பொறித்த எண்ணைப் பார்த்து எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று அறிகிறார்கள். எந்தத் திருகாணி பழையது, எது பின்னால் வந்து சேர்ந்தது என்று பிரிக்கிறார்கள். இரும்பின் மேல் எஞ்சியிருக்கும் பழைய நீலப் பூச்சைத் தேய்த்து அழித்துவிட்டால் பொருள் பளபளக்கும். ஆனால் அது சொல்ல வந்த செய்தி போய்விடும். பழைய ஆயுதத்தைக் கண்டதும் அதன் ஆண்டைக் கேட்கும் இந்தப் பழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றக் காரணமானவர்களுள் தலையாயவர் சர் சாமுவேல் ரஷ் மெரிக். காற்றுத் துப்பாக்கிக்கு ஜெஃப்ரீஸ் காப்புரிமை பெறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னரே அவர் மறைந்துவிட்டார்.

மெரிக் 1783 ஆகஸ்டு 26-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஜான் மெரிக் செல்வர். மகன் ஆக்ஸ்ஃபோர்டு குயின்ஸ் கல்லூரியில் பயின்றார். அங்கே படித்துக்கொண்டிருந்தபோதே, 1803-இல், வேல்ஸ் நாட்டுப் பெண் மேரி பாரியைக் காதலித்து மணந்துகொண்டார். தந்தைக்கு இம்மணம் பிடிக்கவில்லை. 1805-இல் அவர் இறந்தபோது, சொத்து மகனுக்கு முழு உரிமையாகாமல் பேரனுக்குப் போய்ச் சேரும்படி உயில் எழுதி வைத்திருந்தார். கோபத்தில் எழுதிய அந்த உயில் ஒருவகையில் நன்மையே செய்தது. பேரன் லூவெலின் வளர்ந்ததும் தந்தையின் பழம்பொருள் வேட்டையில் சமபங்காளியானான். தந்தையும் மகனும் ஒரே பித்துப் பிடித்தவர்களாக இருந்த குடும்பங்கள் வரலாற்றில் அதிகம் இல்லை.

மெரிக்கின் தொழில் வழக்குரைத்தல். திருச்சபை நீதிமன்றத்திலும் கடல்சார் நீதிமன்றத்திலும் அவர் வாதாடினார். 1811-இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். மனைவியின் ஊர்ப்புறமாகிய கார்டிகன் வட்டாரத்தின் வரலாற்றை ஆராய்ந்து எழுதினார். 1818-இல் மனைவி இறந்தார். அந்த ஆண்டுகளில் அவருடைய வாழ்க்கையின் மையம் மெல்ல மெல்ல நீதிமன்றத்திலிருந்து ஆயுதங்களின் பக்கம் நகர்ந்தது.

காலமும் அவருக்கு வாய்த்தது. நெப்போலியன் போர்களால் ஐரோப்பாவின் பழைய பிரபு குடும்பங்கள் பல நொடித்துப்போயின. அவர்களுடைய ஆயுதச் சாலைகள் விலைக்கு வந்தன. டொமினிக் கோல்நாகி என்ற கலைப்பொருள் வணிகர் சேர்த்திருந்த ஆயுதங்களை மெரிக் வாங்கினார். லண்டன் காடகன் பிளேசில் இருந்த அவருடைய வீட்டின் மேல்மாடம் நிறைந்தது, மாடிப்படி நிறைந்தது, பின்னர்ப் படுக்கை அறைக்குள்ளும் இரும்பு மனிதர்கள் வந்து நின்றார்கள். 1825-இல் பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா லண்டன் வந்தபோது, நண்பர் பானிங்டனோடு இவ்வீட்டில் அமர்ந்து கவசங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்.

ஆனால் பொருள் சேர்ப்பது பணமுள்ள எவராலும் இயலும். மெரிக்கை நாம் நினைப்பது வேறொன்றுக்காக.

அக்காலத்தில் லண்டன் கோபுரக் கோட்டையில் மன்னர் வரிசை என்றொரு காட்சி இருந்தது. மரக் குதிரைகளின் மேல் இங்கிலாந்து மன்னர்களின் உருவங்கள் கவசம் பூண்டு அமர்ந்திருக்கும். மக்கள் கட்டணம் கொடுத்து வியந்து பார்த்துப் போவார்கள். அதில் 1066-இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னரும் இருந்தார். அவர் உடம்பில் இருந்ததோ, அவருக்குப் பல நூற்றாண்டு பிந்திய தகட்டுக் கவசம். வில்லியமின் வீரர்கள் அணிந்தது இரும்பு வளையங்களைக் கோத்த சட்டை. உடல் முழுதும் மூடும் எஃகுத் தகட்டுக் கவசம் வர மேலும் முந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆயிற்று. ஆனால் காவலர் சொன்னதை மக்கள் நம்பினார்கள். கரிகாலன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து மேடையேற்றினால் நாம் சிரிக்க மாட்டோமா? அங்கே யாரும் சிரிக்கவில்லை, ஏனெனில் யாருக்கும் தெரியவில்லை.

மெரிக் செய்தது இதுதான்: ஆயுதத்தை மட்டும் பார்க்காமல், ஆண்டு தெரிந்த சான்றுகளோடு அதை ஒப்பிட்டார். கல்லறைகளின் மேல் படுத்திருக்கும் வீரர் சிற்பங்கள், மன்னர்களின் அரக்கு முத்திரைகள், ஏட்டுச் சுவடிகளின் ஓவியங்கள், பழைய பொருட்பட்டியல்கள் ஆகியவற்றையெல்லாம் வரிசைப்படுத்தி, எந்தத் தலைச்சீரா எந்த மன்னன் காலத்தது, எந்த வாள்பிடி எப்போது மாறியது என்று நிறுவினார். கல்வெட்டு எழுத்தின் வடிவத்தைக் கொண்டு காலம் கணிக்கும் முறையை நாம் அறிவோம். அதுவே இரும்பில் நிகழ்ந்தது என்று கொள்ளலாம். இவ்வாராய்ச்சி 1824-இல் மூன்று பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. நார்மானியர் வெற்றி முதல் இரண்டாம் சார்லஸ் மன்னர் காலம் வரையிலான கவசங்களின் வரலாறு அது. கைத்துப்பாக்கிகளையும் அவர் விடவில்லை. திரி கொளுத்திச் சுடும் துப்பாக்கி, சக்கரம் உராய்ந்து பொறி பறக்கும் துப்பாக்கி, சிக்கிமுக்கிக்கல் துப்பாக்கி என அவற்றின் வளர்ச்சியையும் தனிக் கட்டுரையாக எழுதினார்.

இந்நூலின் பயன் விரைவில் தெரிந்தது. 1826-இல் கோபுரக் கோட்டையின் ஆயுதங்களைச் சீர்செய்ய அவரையே அழைத்தார்கள். மன்னர் வரிசையை அவர் கால முறைப்படி திருத்தி அமைத்தார். வில்லியம் மன்னர் தம் பொய்க் கவசத்தோடு விடைபெற்றார். வரிசை முதலாம் எட்வர்டிலிருந்து தொடங்கியது. 1828-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் விண்ட்சர் கோட்டை ஆயுதங்களையும் ஒழுங்குசெய்யும்படி பணித்தார். 1832-இல் சர் பட்டம் வந்தது.

மெரிக்கின் பிழைகளையும் சொல்லத்தான் வேண்டும். பழைய ஓவியங்களில் வளையச் சட்டையை ஓவியர்கள் பலவிதமாக வரைந்திருந்தார்கள்; சிலர் வட்டம் வட்டமாக, சிலர் கட்டம் கட்டமாக. மெரிக் ஒவ்வொரு வரைவையும் ஒரு தனிவகைக் கவசம் என்று கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பெயரும் சூட்டினார். அவை பெரும்பாலும் ஒரே வளையச் சட்டையை வரையும் வெவ்வேறு உத்திகளே என்று பின்வந்த அறிஞர்கள் காட்டினார்கள். அவர் முழுக் கவசம் என்று வாங்கிய சில, பல கவசங்களின் உறுப்புகளை ஒட்டவைத்தவை என்பதும் பிறகு தெரிந்தது. ஆனால் இதைக் கண்டுபிடித்தவர்கள் கையாண்டது அவர் கற்றுக்கொடுத்த ஒப்பீட்டு முறையைத்தான்.

சேகரிப்பு பெருகிவிட்டதால் லண்டன் வீடு போதவில்லை. ஹெரிஃபோர்டு வட்டாரத்தில் வை ஆற்றின் கரையில் குட்ரிச் என்ற பாழடைந்த பழங்கோட்டை இருக்கிறது. அதையே விலைக்கு வாங்கி ஆயுதங்களை வைக்க எண்ணினார். உடையவர் கொடுக்கவில்லை. மெரிக் சளைக்கவில்லை, எதிர்க் குன்றில் 1828 முதல் 1831 வரை எட்வர்டு பிளோர் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு புதிய கோட்டை ஒன்றையே எழுப்பினார். அதற்குக் குட்ரிச் கோர்ட் என்று பெயர். ஆசிய ஆயுதங்களுக்கென ஒரு தனிக்கூடமும் அதில் இருந்தது. பழங்கோட்டையின் அழகை இந்தப் புதுக்கோட்டை கெடுத்துவிட்டதென்று கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் கடுமையாக வெறுத்தார். கவிஞர் பக்கமும் நியாயம் உண்டு என்றே தோன்றுகிறது.

1837-இல் லூவெலின் மணமாகாமலேயே இறந்தார். சேகரிப்புக்கு அடுத்த தலைமுறை இல்லாமல் போயிற்று. தந்தை பதினோராண்டு தனியே வாழ்ந்து, 1842-இல் தம் நூலின் திருத்திய பதிப்பையும் கண்டு, 1848 ஏப்பிரல் 2-ஆம் நாள் குட்ரிச் கோர்ட்டிலேயே கண்மூடினார்.

அதன் பிறகு நடந்ததுதான் மனத்தை வருத்துவது. சேகரிப்பு உறவினர் அகஸ்டஸ் மெரிக்கின் கைக்குப் போயிற்று. 1868-இல் லண்டன் சவுத் கென்சிங்டனில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. நாட்டுக்காக முழுமையாக வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு அரசுக்கு இருந்தது, அரசு வாங்கவில்லை. 1871-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொருள்கள் பிரித்து விற்கப்பட்டன. ஆண்டு வரிசையில் நிற்கும்போது ஒரு பாடநூலாக இருந்தவை, பிரிந்து போனதும் வெறும் விலைப்பொருள்களாயின. சில பாரிஸ் வணிகர் ஸ்பிட்சரிடம் சேர்ந்தன. சிறந்த சிலவற்றைச் சர் ரிச்சர்டு வாலஸ் வாங்கினார். எஞ்சியவற்றை 1878-இல் அகஸ்டஸ் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தார்.

குட்ரிச் கோர்ட் இரண்டாம் உலகப்போரின் போது ஒரு பள்ளிக்கு இடமளித்தது. போருக்குப் பின் இடிக்கப்பட்டது. சாலையோரத்து வாயிற்கட்டடம் மட்டும் நிற்கிறது. எதிர்க் குன்றில், அவருக்கு விலைக்குக் கிடைக்காத அந்தப் பழங்கோட்டை பாழடைந்தபடியே இன்னும் உறுதியாக இருக்கிறது. லண்டனில் ஹெர்ட்ஃபோர்டு மாளிகையில் உள்ள வாலஸ் சேகரிப்பு 1900 முதல் மக்களுக்குத் திறந்திருக்கிறது. அங்கே சில வாள்களுக்கும் கவசங்களுக்கும் உரிய குறிப்புகளில், முன்னாள் உடைமையாளர் என்ற இடத்தில் மெரிக்கின் பெயர் காணப்படுகிறது.