தறியும் தானுந்தும்

நுழையும்முன்

சாலையில் விரையும் ஊர்திகளை நாம் அவற்றின் பெயரால் அறிகிறோம். அப்பெயருக்குப் பின்னால் நிற்கும் மனிதரை அறிவதில்லை. உலகெங்கும் ஓடும் டொயோட்டா என்னும் மகிழுந்தின் வரலாறு ஓர் எளிய தச்சர் குடும்பத்தின் மரத்தறியிலிருந்து தொடங்குகிறது. அத்தறியை எந்திரமாக்கியவர் தந்தை. அந்த எந்திர அறிவை மகிழுந்தாக்கியவர் மகன். தாம் தொடங்கிய நிறுவனம் பிழைக்க வேண்டும் என்பதற்காகத் தம் பதவியைத் துறந்து, அதன் வெற்றியைக் காணாமலேயே மறைந்த கீச்சிரோ டொயோடாவின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தறிக்கூடத்தில் ஒரு தொடக்கம்

ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில், இன்றைய கோசாய் நகரைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில், 1894ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கீச்சிரோ பிறந்தார். தந்தை சகிச்சி டொயோடா தச்சரின் மகன். ஊர்ப்பெண்கள் இரவு பகலாகக் கைத்தறியில் உழைப்பதைக் கண்டு, அவ்வுழைப்பை எளிதாக்கும் கருவியைச் செய்வதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர். அப்பணியிலேயே அவர் மூழ்கிக் கிடந்ததால் வீட்டில் வறுமை சூழ்ந்தது. மகன் பிறந்த சிறிது காலத்திலேயே தாய் அவ்வீட்டை விட்டுப் பிரிந்து சென்றார். தாத்தா பாட்டியின் அரவணைப்பில் கீச்சிரோவின் குழந்தைப் பருவம் கழிந்தது. தறிகளின் ஓசையும் மரத்தூளும் எண்ணெய் மணமுமே அவர் அறிந்த முதல் உலகம்.

பேச்சில் நாட்டமில்லாத, எதையும் பிரித்துப் பார்த்து அறிய விரும்பிய இளைஞராக அவர் வளர்ந்தார். டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் எந்திரப் பொறியியல் பயின்று 1920இல் பட்டம் பெற்றார். தந்தை பள்ளிக்கல்வி மிகுதியும் இல்லாமல் பட்டறிவால் எந்திரங்களைப் படைத்தவர். மகன் கணக்கும் வரைபடமும் கொண்டு எந்திரங்களை ஆராய்ந்தவர். தந்தையின் கைத்திறனும் மகனின் நூலறிவும் ஒரே தறியில் பாவும் ஊடையுமாக இணைந்தன.

1921இல் கீச்சிரோ அமெரிக்காவுக்கும் அதன்பின் இங்கிலாந்துக்கும் பயணம் மேற்கொண்டார். இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் இருந்த பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் அந்நாளில் நெசவு எந்திரங்கள் செய்வதில் உலகப் புகழ்பெற்றது. அத்தொழிற்சாலையில் தங்கி, பொருள்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை உற்றுநோக்கினார். நல்ல எந்திரத்தை வரைந்துவிட்டால் மட்டும் போதாது. ஒரே அளவில், ஒரே தரத்தில் ஆயிரக்கணக்கில் செய்யத் தெரிந்தால்தான் அது தொழிலாகும் என்னும் தெளிவு அப்பயணத்தில் அவருக்கு உண்டாயிற்று.

நிற்கத் தெரிந்த எந்திரம்

1924இல் தந்தையும் மகனும் பிற பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய 'ஜி' வகைத் தானியங்கித் தறி நெசவுத்தொழிலில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது. நாடாவில் நூல் தீர்ந்தால், தறியை நிறுத்தாமலேயே புதிய நாடா தானாக வந்து சேரும். ஆனால், ஓர் இழை அறுந்தாலோ தறி தானாகவே நின்றுவிடும். இதனால் குறையுள்ள துணி நெய்யப்படுவதில்லை. ஒவ்வொரு தறியின் அருகிலும் ஓர் ஆள் காவல் நிற்க வேண்டிய தேவையும் இல்லை. ஒருவரே பல தறிகளைக் கவனிக்கலாம்.

ஓடத் தெரிந்த எந்திரங்கள் பல இருந்தன. தவறு நேரும்போது நிற்கத் தெரிந்த எந்திரமே அரிது. பிழையை உண்டான இடத்திலேயே கண்டு நிறுத்த வேண்டும் என்ற இக்கருத்து, பிற்காலத்தில் டொயோட்டா மகிழுந்துத் தொழிற்சாலைகளின் அடிப்படை நெறிகளுள் ஒன்றாயிற்று.

இத்தறிகளைச் செய்வதற்காக 1926இல் டொயோடா தானியங்கித் தறி நிறுவனம் தொடங்கப்பெற்றது. எந்த நிறுவனத்தில் கீச்சிரோ தொழில் கற்றாரோ, அதே பிளாட் பிரதர்ஸ் 1929இல் அத்தறியின் காப்புரிமையை ஒரு லட்சம் பவுண்டு விலைக்குப் பெற உடன்படிக்கை செய்துகொண்டது. கற்கச் சென்ற நாட்டுக்கே கற்பிக்கும் நிலைக்கு ஜப்பானியத் தொழில்நுட்பம் உயர்ந்ததன் அடையாளமாக அது அமைந்தது. அதற்கடுத்த ஆண்டு, 1930 அக்டோபரில் சகிச்சி காலமானார்.

நிலநடுக்கம் காட்டிய வழி

1923 செப்டம்பர் முதல் நாள் டோக்கியோ, யோகோஹாமா நகரங்களைக் கொடிய நிலநடுக்கம் உலுக்கியது. இருப்புப்பாதைகளும் மின்வண்டித் தடங்களும் சிதைந்தன. போக்குவரத்தை மீட்க டோக்கியோ நகராட்சி அமெரிக்காவிலிருந்து ஃபோர்டு ஊர்திகளை வரவழைத்துப் பேருந்துகளாக்கியது. தண்டவாளம் இல்லாமலேயே நகரை இயக்க முடியும் என்பதை மக்கள் கண்டனர். விரைவில் ஃபோர்டு நிறுவனம் யோகோஹாமாவிலும், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஒசாகாவிலும் ஊர்திகளை ஒருங்கிணைக்கும் தொழிற்சாலைகளைத் திறந்தன. ஜப்பானியச் சாலைகளில் ஓடிய தானுந்துகளுள் பெரும்பாலானவை அயல்நாட்டுப் பாகங்களால் ஆனவையாயின.

தம் நாட்டு மக்களுக்கான ஊர்தியைத் தம் நாட்டார் கைகளே செய்ய வேண்டும் என்னும் எண்ணம் கீச்சிரோவின் உள்ளத்தில் வேரூன்றியது. தறி நிறுவனத்தின் ஒரு மூலையில் சிறிய எந்திரம் ஒன்றைப் பிரித்து ஆராய்ந்து, அதுபோல் மற்றொன்றைச் செய்து பார்த்தார். 1933 செப்டம்பரில் தறி நிறுவனத்திற்குள்ளேயே தானுந்துப் பிரிவு தோன்றியது. நிறுவனத்தின் தலைவரும் கீச்சிரோவின் தங்கை கணவருமான ரிசபுரோ முதலில் தயங்கினார். அத்தயக்கத்தில் நியாயம் இருந்தது. பெருஞ்செல்வம் படைத்த ஜப்பானிய வணிகக் குழுமங்களே இறங்க அஞ்சிய தொழில் அது. எனினும், இறுதியில் அவரும் துணைநின்றார்.

உடைந்த வார்ப்புகள்

செவ்ரோலே மகிழுந்து ஒன்றைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து வரைந்து பணி தொடங்கிற்று. எந்திரத்தின் உருளைகள் அமைந்த இரும்புக் கட்டியை வார்ப்பதே மிகக் கடினமாக இருந்தது. தறிக்கு இரும்பு வார்த்துப் பழகிய கைகளுக்கு, உள்ளே மெல்லிய நீர்வழிகள் கொண்ட அந்தச் சிக்கலான வார்ப்பு புதிது. வார்த்தவற்றுள் பெரும்பகுதி குறையுடையவையாகிக் குவிந்தன. அவற்றை மீண்டும் உருக்கி, மீண்டும் வார்த்தனர். தானுந்துக்கு ஏற்ற எஃகைச் செய்யத் தனி எஃகு ஆலையையும் கீச்சிரோ அமைத்தார். 1934 செப்டம்பரில் ஆறு உருளைகள் கொண்ட முதல் எந்திரம் உருவாயிற்று. அதன் ஆற்றல் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. மேற்பகுதியை மாற்றி வடிவமைத்த பின்னரே நிறைவு கிட்டியது.

1935 மேயில் முதல் மாதிரி மகிழுந்தும், அதே ஆண்டு நவம்பரில் 'ஜி1' என்னும் சரக்குந்தும் வெளிவந்தன. அச்சரக்குந்துகள் அடிக்கடி பழுதாகி நின்றன. பழுதான செய்தி வந்தபோதெல்லாம் பொறியாளர்கள் அவ்விடத்திற்கே விரைந்தனர். கீச்சிரோவும் நேரில் சென்று பழுதின் காரணத்தை ஆராய்ந்தார். ஜெனரல் மோட்டார்ஸின் ஜப்பானியக் கிளையிலிருந்து விலகி இவரோடு இணைந்த ஷோட்டாரோ காமியா, வாங்கியவர்களின் நம்பிக்கை குலையாதவாறு விற்பனையை நடத்தினார். குறையை மறைக்காமல் தேடிச்சென்று திருத்தும் இவ்வழக்கமே, பின்னாளில் டொயோட்டா ஊர்தி எளிதில் பழுதாகாது என்ற நற்பெயருக்கு விதையாயிற்று.

1936இல் 'ஏஏ' என்னும் மகிழுந்து விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட தானுந்துத் தொழிற்சட்டம் உள்நாட்டு நிறுவனங்களுக்கு முன்னுரிமை அளித்தது. 1937 ஆகஸ்டு 28ஆம் நாள் டொயோட்டா மோட்டார் நிறுவனம் தனி அமைப்பாக உதயமாயிற்று.

தெரிந்து தெளிவோம்

குடும்பப் பெயர் 'டொயோடா'. நிறுவனத்தின் பெயரோ 'டொயோட்டா'. 1936இல் நிறுவனச் சின்னத்திற்காகப் பொதுமக்களிடையே போட்டி நடத்தப்பட்டது. அதில் ஏறத்தாழ 27,000 வடிவங்கள் வந்தன. தேர்வு பெற்ற வடிவம் 'டொயோட்டா' என்ற ஒலிப்பைக் கொண்டிருந்தது. ஜப்பானிய கத்தகனா எழுத்தில் இதை எழுத எட்டுக் கோடுகள் போதும். எட்டு வளர்ச்சியைக் குறிக்கும் எண்ணாக ஜப்பானில் கருதப்படுகிறது.

உரிய பொழுதில் உரிய அளவு

கொரோமோ என்னும் ஊரின் அருகே இருந்த தரிசு நிலத்தில் 1938 நவம்பரில் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கே கீச்சிரோ ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தார். அமெரிக்கத் தொழிற்சாலைகள் பாகங்களை மலைபோல் குவித்து வைத்திருந்தன. அவ்வாறு குவிக்கக் கீச்சிரோவிடம் பணமும் இல்லை, இடமும் இல்லை. ஆகவே, தேவையான பாகம், தேவையான அளவில், தேவையான பொழுதில் வந்தால் போதும் என்று வகுத்தார். மிகுதியாகச் செய்வதும் குறைவாகச் செய்வதைப் போலவே குற்றம் என்பது அவர் கருத்து. வறுமையில் பிறந்த இச்சிக்கனம், பின்னர்த் தாயிச்சி ஓனோ என்னும் பொறியாளரால் முழுமையான உற்பத்தி முறையாக வளர்க்கப்பட்டு, உலகத் தொழிற்சாலைகள் பலவற்றுக்கும் பாடமாயிற்று.

இதற்கிடையில் போர் மூண்டது. 1941இல் கீச்சிரோ நிறுவனத் தலைவரானபோது, மக்களுக்கான மகிழுந்து என்ற அவர் கனவு ஒதுக்கப்பட்டு, படைக்கான சரக்குந்துகளே செய்யப்பட்டன. போரின் இறுதியில் பொருள் தட்டுப்பாட்டால் ஒற்றை முகப்பு விளக்குடன் சரக்குந்துகள் வெளிவந்தன. ஜப்பான் சரணடைந்ததை அறிவிப்பதற்கு முந்தைய நாளான 1945 ஆகஸ்டு 14 அன்று, கொரோமோ தொழிற்சாலையின் ஒரு பகுதி குண்டுவீச்சில் தகர்ந்தது.

ஒரு வாக்குறுதியும் ஒரு விலகலும்

போருக்குப் பின் தொழிலாளர்களுக்கு உணவளிப்பதே பெரும்பாடாக இருந்தது. பீங்கான் செய்தல், மீன் உணவு பதப்படுத்துதல் முதலிய தொழில்களால் பிழைக்கலாமா என்று ஆராயவும் தம் குடும்பத்தாரை அவர் அனுப்பினார். இந்நிலையிலும் 1947இல் 'டொயோபெட்' என்னும் சிறிய மகிழுந்தை உருவாக்கினார். மூன்றாண்டுகளில் அமெரிக்கத் திறனை எட்டிப்பிடிக்க வேண்டும் என்று அவர் பொறியாளர்களை ஊக்கினார்.

ஆனால், 1949இல் பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த மேற்கொள்ளப்பட்ட கடும் நடவடிக்கைகளால் வணிகம் முடங்கியது. விற்ற ஊர்திகளுக்குப் பணம் வந்துசேரவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் தொழிலாளர்கள் பத்து விழுக்காடு ஊதியக் குறைப்பை ஏற்றனர். யாரையும் வேலையிலிருந்து நீக்குவதில்லை என்று நிருவாகம் உறுதியளித்தது. தொழிலாளர்களைக் குடும்பத்தினராகக் கருதிய கீச்சிரோவுக்கு அது வெறும் ஒப்பந்தமன்று, தன்மானம்.

கடனளித்து நிறுவனத்தைக் காக்க வங்கிகள் முன்வந்தன. விற்பனைப் பிரிவைத் தனி நிறுவனமாக்க வேண்டும், ஆட்குறைப்புச் செய்ய வேண்டும் என்று அவை நிபந்தனை விதித்தன. ஆட்களை நீக்கினால் வாக்குத் தவறும். நீக்காவிடில் நிறுவனமே அழியும், எல்லாருடைய வேலையும் போகும். 1950 ஏப்ரலில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நீடித்த போராட்டத்தின் முடிவில் ஏறத்தாழ 2,000 பேர் வேலையை விட்டுச் செல்ல நேர்ந்தது. காக்க முடியாத வாக்குறுதிக்குத் தாமே பொறுப்பேற்ற கீச்சிரோ, 1950 ஜூன் 5ஆம் நாள் தலைமைப் பதவியைத் துறந்தார். தம் இருக்கையைக் காத்துக்கொண்டு பிறரை மட்டும் அனுப்ப அவர் மனம் ஒப்பவில்லை.

காலம் அவரிடம் இரக்கம் காட்டவில்லை. அவர் விலகிய இருபதாம் நாள் கொரியப் போர் மூண்டது. அமெரிக்கப் படையிடமிருந்து சரக்குந்துகளுக்கான ஆணைகள் குவிந்தன, நிறுவனம் மீண்டெழுந்தது. பிறர் துயரில் விளைந்த ஆதாயம் அது என்பதையும் வரலாறு மறப்பதற்கில்லை. கீச்சிரோவுக்குப் பின் தலைவரான தைசோ இஷிடா, 1952இல் அவரை மீண்டும் பொறுப்பேற்க அழைத்தார். அவரும் இசைந்தார். ஆனால், பதவிக்குத் திரும்புமுன்பே, 1952 மார்ச் 27ஆம் நாள் மூளையில் ஏற்பட்ட குருதிக் கசிவால் தமது 57ஆம் வயதில் காலமானார்.

விதைத்தவர் காணாத விளைச்சல்

1955இல் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தாலேயே உருவான 'கிரவுன்' மகிழுந்து வெளிவந்தது. அது கீச்சிரோ கண்ட கனவின் வடிவம். அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டபோது அங்குள்ள நெடுஞ்சாலைகளின் வேகத்திற்கு அது ஈடுகொடுக்கவில்லை. தந்தையும் மகனும் காட்டிய வழியில் பொறியாளர்கள் குறைகளை ஆராய்ந்து திருத்தினர். 1966இல் வந்த 'கொரோலா' உலகில் மிகுதியாக விற்பனையான மகிழுந்துப் பெயர்களுள் முதன்மையாயிற்று. கொரோமோ நகரமே 1959இல் டொயோட்டா நகரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இன்று இந்தியச் சாலைகளில் ஓடும் 'இன்னோவா' வரை அம்மரபு தொடர்கிறது.

ஓர் ஊர்தியை மக்கள் விரும்புவதற்கு அதன் அழகும் வேகமும் மட்டும் காரணமாவதில்லை; நடுவழியில் கைவிடாது என்னும் நம்பிக்கையே முதற்காரணம். இழை அறுந்தால் நிற்கும் தறியைச் செய்தவர், வாக்கு அறுந்தபோது தாமே நின்று விலகினார். எந்திரத்திற்கு வகுத்த நெறியைத் தம் வாழ்வுக்கும் பொருத்திக்கொண்டதே கீச்சிரோ டொயோடாவின் பெருமையாகும்.

சொல்லும் பொருளும்

பாவு – தறியில் நெடுக்காக அமையும் இழை
ஊடை – குறுக்காக அமையும் இழை
நாடா – ஊடை நூலைச் சுமந்து பாவின் இடையே ஓடும் கருவி
தானுந்து – தானே இயங்கும் ஊர்தி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் கைத்தொழில் ஒன்றைப் பார்வையிட்டு, அதில் பிழைகள் எவ்வாறு கண்டறியப்படுகின்றன என்பதைக் குறிப்பெடுத்து வகுப்பில் பகிர்க.

2. 'நிறுவனத்தைக் காக்க ஆட்குறைப்புச் செய்தல் முறையா?' என்னும் தலைப்பில் கலந்துரையாடல் நிகழ்த்துக.

குறுவினா

1. 'ஜி' வகைத் தானியங்கித் தறியின் சிறப்புகள் இரண்டினைக் குறிப்பிடுக.

2. 1923ஆம் ஆண்டு நிலநடுக்கம் ஜப்பானியப் போக்குவரத்தில் ஏற்படுத்திய மாற்றம் யாது?

சிறுவினா

உரிய பொழுதில் உரிய அளவு என்னும் உற்பத்தி முறை தோன்றியதற்கான சூழலை விளக்குக.

நெடுவினா

கீச்சிரோ டொயோடாவின் பதவி விலகல் வெளிப்படுத்தும் பண்புநலன்களை, அவர் உருவாக்கிய எந்திரங்களின் இயல்போடு ஒப்பிட்டுக் கட்டுரைக்க.