ஹரியற் வின்சிலோ அம்மையார் (1796 – 1833)

வட இலங்கையில் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை எழுந்த வரலாற்றில் முதலில் நினைவுக்கு வருபவர் ஹரியற் வின்சிலோ அம்மையார். மன்னாரில் புனித சவேரியார் காலந்தொட்டு வேரூன்றிய கத்தோலிக்க மரபு வேறு. அம்மையார் சார்ந்த அமெரிக்க மிஷன் மரபு வேறு. ஆயினும் பாடசாலை வாசலை மிதித்த வடபுலத்துப் பெண்கள் யாவரும் அறியவேண்டிய வாழ்வு அவருடையது.

அவர் 1796 ஏப்ரல் 9இல் அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்து நோர்விச் நகரில் லாத்ரொப் குடும்பத்தில் பிறந்தார். அவர் வளர்ந்த நாட்களில் அந்நாட்டில் பெரும் சமய எழுச்சி பரவிக்கொண்டிருந்தது. மனந்திரும்பியவர் தம் ஆன்ம ஈடேற்றத்தோடு நின்றுவிடாது சமூகத்தையும் திருத்தவேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஞாயிறு பாடசாலை, மதுவிலக்கு, அடிமை ஒழிப்பு, பெண்கல்வி ஆகிய முயற்சிகள் அந்த ஊற்றிலிருந்து வலிமை பெற்றன. 1810இல் அமெரிக்க மிஷன் சங்கம் தோன்றியதும் அவ்வெழுச்சியின் பயனே. பிரசங்கபீடம் பெண்களுக்குப் பெரும்பாலும் மூடப்பட்டிருந்த அந்நாளில், இத்தகைய தொண்டுகளே அவர்களுக்குப் பொதுவாழ்வின் வாசலாயின. இளம்பெண்ணாயிருந்த ஹரியற்றும் தம் ஊரில் ஞாயிறு பாடசாலைப் பணியில் ஈடுபட்டார்.

1819 ஜனவரியில் மைரன் வின்சிலோ போதகரை மணந்தார். பின்னாளில் தமிழ் – ஆங்கில அகராதியால் புகழ்பெற்றவர் இவரே. அவ்வாண்டு ஜூன் 8இல் இருவரும் பொஸ்ரனில் கப்பலேறினர். 1820இல் உடுவிலில் குடியேறினர்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளைகள் திண்ணைப் பள்ளியில் ஏடு படித்தனர். பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது குடும்பங்களில் வழக்கமில்லை. படித்த பெண்ணை யார் மணப்பார், பிறர் வீட்டில் உண்டால் சாதி கெடாதா என்று பெற்றோர் அஞ்சினர். இந்த அச்சங்களுக்கு நடுவே 1824இல் 22 பிள்ளைகளுடன் உடுவில் விடுதிப் பாடசாலை ஆரம்பமானது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, தையல், வேதபாடம் ஆகியன கற்பிக்கப்பட்டன. அமெரிக்காவில் புகழ்பெற்ற மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடம் திறக்கப்பட்டது 1837இலேயாம். உடுவில் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் மூத்தது.

இக்கல்வி விலையின்றிக் கிடைத்ததல்ல என்பதையும் சொல்லவேண்டும். மதமாற்றமே மிஷனின் நோக்கமாயிருந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பிரித்து வளர்க்கப்பட்டனர். பணம் உதவிய அமெரிக்கரின் பெயர்களைப் பலர் தம் பெயராகச் சுமந்தனர். அறிவு பெற்ற பெண், தன் வீட்டாரின் வழிபாட்டையும் வழக்கத்தையும் விட்டு விலகவேண்டியவளானாள்.

அம்மையாரும் பெருவிலை கொடுத்தார். கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிய மூத்த மகன் சார்ள்ஸ், 1832இல் அங்கு சேர்ந்த சிறிது காலத்தில் இறந்தான். அடுத்த ஆண்டு ஜனவரி 14இல், முப்பத்தாறாம் வயதில், அம்மையாரும் உடுவிலில் காலமானார். அவரது மகள்வழிப் பேரனின் மகனான ஜோன் பொஸ்ரர் டலஸ், பின்னர் அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளரானார்.

நிறுவியவர் மறைந்தும் பாடசாலை மறையவில்லை. ஸ்போல்டிங் தம்பதியர் அதைத் தாங்கினர். 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தலைமை தாங்கினார். ஆரம்ப மாணவிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவரிடம் படித்தனர். ஒரு காலத்தில் மகளை அனுப்பத் தயங்கிய ஊரில், அங்கு படித்த தாய்மார் தாமே தம் மகள்மாரைக் கைபிடித்து அழைத்து வந்தனர்.

இன்று மன்னாரிலிருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியே சில மணி நேரத்தில் உடுவிலை அடையலாம். நூற்றாண்டு காணும் நம் சங்கத்தினர் அங்கு சென்றால் கண்டுகொள்ளக்கூடிய பாடம் ஒன்றுண்டு. பாடசாலையைத் தொடங்குவது ஒருவரின் துணிவு; அதை நிலைக்கச் செய்வது பழைய மாணவிகளின் கடன். வறுமையாலோ தூரத்தாலோ படிப்பை இடைநிறுத்தும் ஒரு பிள்ளையை மீண்டும் வகுப்பறையில் இருத்துவதே அக்கடனை நாம் தீர்க்கும் வழியாகும்.